இது ஏற்கெனவே இருக்கிறதா?

புனே நகரின் கிழக்கு விளிம்பில், முளா-முட்டா ஆற்றின் வடகரையில் இருக்கிறது கராடி. 1990களின் இறுதியில் புனே மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஒரு கிராமம் அது. இன்று அங்கே ஈயான் தகவல் தொழில்நுட்ப வளாகம் இருக்கிறது, வேர்ல்டு டிரேடு சென்டர் இருக்கிறது, அவற்றைச் சுற்றி இருபது மாடி அடுக்ககங்கள் நிற்கின்றன. சென்னை, கோவை, மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்குப் போன தமிழர்கள் அங்கே நிறையப் பேர். அவர்களிடம் முகவரி கேட்டால் சொசைட்டியின், அதாவது அடுக்கக வளாகத்தின், பெயரைச் சொல்வார்கள், டவர் எழுத்தைச் சொல்வார்கள், பக்கத்தில் உள்ள ஒரு ஓட்டலையோ பள்ளியையோ அடையாளம் சொல்வார்கள், கடைசியில் 411014 என்ற அஞ்சல் எண். அந்த எண்ணோ விமான் நகருக்கும் சேர்த்துத்தான்.

இப்படி வேகமாக வளரும் இடத்தை வரைபடத்தில் ஏற்றுவது எப்படி? 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இதற்குச் சொல்லும் வழி எளியது. அந்தந்த ஊர்க்காரர்களே வரையட்டும், வரைந்ததை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தட்டும். தெருவைக் கோடாக இழுக்கலாம், மருந்துக்கடையைப் புள்ளியாக வைக்கலாம், கட்டடத்தைச் சுற்றி எல்லை போடலாம். ஒவ்வொன்றுக்கும் பெயர், வகை, மாடிகளின் எண்ணிக்கை என்று குறிப்புகளை எழுதலாம். விக்கிப்பீடியாவில் கட்டுரை வளர்வதுபோல் இங்கே ஊர் வளர்கிறது.

ஆனால் கராடியில் கைக்கு எட்டும் தூரத்திலேயே வேறு தரவுகளும் கிடக்கின்றன. பேருந்துகளை ஓட்டும் பி.எம்.பி.எம்.எல். நிறுவனத்துக்கு அதன் நிறுத்தங்கள் தெரியும். மாநகராட்சிக்கு அதன் வார்டுகளும் பள்ளிகளும் தெரியும். கூகுள் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணினியே அடையாளம் கண்ட கட்டட எல்லைகளை ஓப்பன் பில்டிங்ஸ் என்ற பெயரில் வெளியிட்டிருக்கிறது. 2023இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் ஆப்பிரிக்கா, தெற்காசியா, தென்கிழக்காசியா, லத்தீன் அமெரிக்கா என எல்லாம் சேர்த்து 180 கோடிக் கட்டடங்கள். மைக்ரோசாஃப்டும் இதுபோல் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. இவற்றையெல்லாம் அப்படியே ஏற்றிவிட்டால் ஒரே இரவில் கராடி நிறைந்துவிடுமே, ஏன் யாரும் செய்வதில்லை?

செய்து பார்த்திருக்கிறார்கள். அதன் விளைவு இந்தியாவுக்கே தெரியும். 2007இல் ஆட்டோமோட்டிவ் நேவிகேஷன் டேட்டா என்ற டச்சு நிறுவனம் நெதர்லாந்தின் முழுச் சாலைத் தரவையும், கூடவே இந்தியா, சீனா இரண்டின் முக்கிய நெடுஞ்சாலைகளையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு நன்கொடையாகக் கொடுத்தது. அப்போது இந்திய வரைபடம் பெரும்பாலும் வெறுமை. தன்னார்வலர்கள் ஒரு சிலரே. வெறும் தாளில் நெடுஞ்சாலைகள் வந்து விழுந்தது பெரிய வரம்தான். ஆனால் அந்தக் கோடுகள் வளைவுகளை நேராக்கிக்கொண்டு, ஊர்களைச் சற்றுத் தள்ளித் தொட்டுக்கொண்டு போயின. 2010 இறுதியில் பிங் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து வரைய மைக்ரோசாஃப்ட் அனுமதி கொடுத்த பிறகுதான் அவற்றைப் பரவலாக இழுத்துச் சரிசெய்ய முடிந்தது.

அமெரிக்காவில் இதே கதை இன்னும் பெரிய அளவில் நடந்தது. அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் டைகர் என்ற சாலைத் தரவை வைத்திருந்தது. அரசு ஆவணம் என்பதால் யாரும் எடுக்கலாம். 2007, 2008இல் அதை மொத்தமாக ஏற்றினார்கள். கணக்கெடுப்பவர் வீடு வீடாகப் போக உதவுவதற்காகத் தயாரான தரவு அது. எந்தத் தெருவுக்கு அடுத்து எந்தத் தெரு என்பது அந்த வேலைக்குப் போதும், தெரு பத்து மீட்டர் தள்ளியிருந்தால் குடிமுழுகாது. ஆனால் வழிகாட்டும் வரைபடத்துக்கு அது போதவே போதாது. சாலைகள் ஏரிக்குள் போயின, தனியார் பாதைகள் பொதுச் சாலைகளாயின. ஒவ்வொரு சாலையிலும் 'இன்னும் சரிபார்க்கவில்லை' என்று ஒரு குறிப்பை ஒட்டிவைத்தார்கள். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் குறிப்பு நீங்காத சாலைகள் நாட்டுப்புறங்களில் ஏராளம்.

இதில் பிழைகளைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. டைகர் தரவை ஏற்றிய சமயத்தில் கணக்கெடுப்பு அலுவலகம் அதைத் திருத்தும் வேலையின் நடுவில் இருந்தது. அதனால் சில மாவட்டங்களுக்கு முழுமையான புதிய தரவும், மற்றவற்றுக்கு அரைகுறையான பழைய தரவும் போய்ச் சேர்ந்தன. யாரும் திட்டமிடாமலேயே ஒரு சோதனை அமைந்துவிட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகப் பேராசிரியர் அபிஷேக் நாகராஜ் இந்த இரு வகை மாவட்டங்களையும் ஒப்பிட்டு 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். முழுமையான தரவு கிடைத்த மாவட்டங்களில் பின்னாளில் தன்னார்வலர்களின் பங்களிப்பு குறைந்திருந்தது. நீண்ட கால நோக்கில் வரைபடத்தின் தரமும் அங்கே பின்தங்கியிருந்தது. குறைகள் இருந்த இடங்களில் ஆட்கள் வந்து ஒட்டிக்கொண்டார்கள், தங்கள் தெருவைத் தாங்களே வரைந்தார்கள், பிறகும் கவனித்துக்கொண்டார்கள். நிறைந்திருந்த இடங்களில் தங்களுக்கு வேலை இல்லை என்று போய்விட்டார்கள்.

இந்த ஆய்வை வைத்துக்கொண்டு இறக்குமதியே கூடாது என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பேருந்து நிறுத்தங்களை நூறு பேர் நடந்து நடந்து மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, மக்கள் பணத்தில் ஒருமுறை சேகரித்தாயிற்று. கேட்க வேண்டிய கேள்வி வேறு. வெளியிலிருந்து வரும் தரவை ஏற்றும் வேலையிலேயே அந்த ஊர்க்காரரை எப்படி உட்காரவைப்பது? அதற்கு அந்த வேலை எளிதாக வேண்டும். அது ஏன் கடினமாக இருக்கிறது என்று பார்ப்போம்.

தரவை ஏற்றுவது கடினமே இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு மாற்றத்தொகுப்பில் 10,000 மாற்றங்கள் வரை அனுப்பலாம். கராடியின் பேருந்து நிறுத்தங்கள் அத்தனையும் ஒரு நொடியில் போய்விடும். கடினமானது அதற்கு முன்னால் ஒவ்வொன்றைப் பற்றியும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: இது ஏற்கெனவே வரைபடத்தில் இருக்கிறதா?

கல்யாண வீட்டில் பெண் வீட்டுப் பட்டியலையும் மாப்பிள்ளை வீட்டுப் பட்டியலையும் ஒன்றாக்கிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புரியும். ஒரு பட்டியலில் 'பாங்க் மாமா', இன்னொன்றில் 'திருச்சி சித்தப்பா'. இருவரும் ஒருவரே என்று ஒரு பெரியவருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்காமல் விட்டால் ஒரே வீட்டுக்கு இரண்டு பத்திரிகை போகும். அவசரப்பட்டு இரண்டு பேரை ஒருவராக எண்ணி அடித்துவிட்டால் ஒரு வீட்டுக்குப் பத்திரிகையே போகாது. இரண்டாவது பிழைதான் மோசமானது. வரைபடத்திலும் அப்படியே.

முதலில் இடத்தையே எடுத்துக்கொள்வோம். ஆயத்தொலைவுகள் ஒத்துப்போனால் அதே பொருள் என்று முடிவு கட்டலாம் என்று தோன்றும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அட்சரேகை, தீர்க்கரேகையை ஏழு தசம இடங்கள் வரை சேமிக்கிறது. ஏழாவது இடம் என்பது தரையில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அவ்வளவு நுணுக்கமாக எழுதிய எண்ணும் நூறு மீட்டருக்கு மேல் தவறாக இருக்க முடியும். அதற்கான காரணம் நம் சென்னையிலிருந்து தொடங்குகிறது.

1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஓர் அடிக்கோட்டை அளந்தார். சுமார் ஏழரை மைல் நீளம். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே விரிந்ததுதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை. லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த அளவுகளைக் கொண்டு பூமியின் வடிவத்தைக் கணக்கிட்டார். 1830இன் எவரெஸ்ட் நீள்வட்டம் என்று அதற்குப் பெயர். இந்திய நிலப்பரப்புக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது, அதனால் நம் பழைய நிலவரைபடங்கள் எல்லாம் அதன் மேல் நின்றன. இன்று கைப்பேசியின் ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறொரு நீள்வட்டம். பூமி முழுமைக்கும் சராசரியாகப் பொருந்தும் அதன் நிலநடுக்கோட்டு ஆரம் எவரெஸ்டுடையதைவிட 861 மீட்டர் அதிகம், மையமும் வேறு இடத்தில். புனே இருக்கும் இடத்துக்குக் கணக்குப் போட்டால், பழைய வரைபடத்தின் எண்ணை எடுத்து மாற்றாமல் அப்படியே புதிய வரைபடத்தில் வைத்தால் புள்ளி ஏறக்குறைய 130 மீட்டர் நகர்ந்து விழும். கராடியில் 130 மீட்டர் என்பது ஒரு சொசைட்டியிலிருந்து அடுத்த சொசைட்டி. பழைய நில ஆவணத்திலிருந்து எடுத்த அட்டவணை எதுவானாலும் முதலில் எந்த நீள்வட்டத்தில் அளந்தது என்று கேட்டாக வேண்டும். நல்லவேளையாக இந்தப் பிழை எல்லாப் புள்ளிகளையும் ஒரே பக்கம், ஒரே அளவு தள்ளும். கண்டுபிடித்துவிட்டால் ஒரே கணக்கில் தீர்ந்துவிடும்.

கட்டடங்களின் பிழை அப்படி ஒழுங்கானதல்ல. செயற்கைக்கோள் கராடிக்கு நேர் மேலே நின்று படம் எடுப்பதில்லை, பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கிறது. அதனால் உயரமான கட்டடம் படத்தில் சரிந்ததுபோல் விழும், கூரை ஒரு பக்கம் போய்விடும், அடித்தளம் இன்னொரு பக்கம் நிற்கும். இருபது மாடி, மாடிக்கு மூன்று மீட்டர், மொத்தம் 60 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். செங்குத்திலிருந்து 20 பாகை சாய்வில் பார்த்தால் கூரை அடித்தளத்திலிருந்து சுமார் 22 மீட்டர் விலகித் தெரியும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வழக்கம் கட்டடம் தரையைத் தொடும் எல்லையை வரைவது. கணினியோ பளிச்சென்று தெரியும் கூரையைத்தான் எல்லையாக எடுத்துக்கொள்ளும்.

இரண்டு எல்லைகளும் ஒரே கட்டடத்துடையவையா என்று சோதிக்கப் பொதுவாக ஒரு விகிதத்தைக் கணக்கிடுவார்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பரப்பை, இரண்டும் சேர்ந்து மூடும் மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். அச்சாகப் பொருந்தினால் விடை 1. 20 மீட்டர் சதுரம் ஒன்று 10 மீட்டர் நகர்ந்திருந்தால், பொதுப் பரப்பு 200 சதுர மீட்டர், மொத்தம் 600, ஆக விகிதம் மூன்றில் ஒன்று. நம் இருபது மாடிக் கட்டடம் 22 மீட்டர் சரிந்திருக்கிறது. அதன் அகலமும் 20 மீட்டர் என்றால் விகிதம் பூச்சியம். ஒரே கட்டடம்தான், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை. கணினி தயங்காமல் 'புதிய கட்டடம்' என்று சொல்லும், வரைபடத்தில் ஒரு டவருக்குப் பக்கத்தில் அதன் ஆவி நிற்கும். பக்கத்து வீடு மூன்று மாடி என்றால் அதன் சரிவு மூன்று மீட்டர்தான். ஆகவே எல்லாவற்றையும் ஒரே அளவு நகர்த்தியும் சரிசெய்ய முடியாது, ஒவ்வொன்றின் உயரமும் தெரிய வேண்டும்.

கூகுளின் தரவில் ஒவ்வொரு கட்டடத்தோடும் ஒரு நம்பிக்கை மதிப்பெண் வருகிறது, 0.65இலிருந்து 1 வரை. பலர் அதை வடிகட்டியாகப் பயன்படுத்துகிறார்கள், 0.9க்கு மேல் இருந்தால் ஏற்றிவிடலாம் என்று. இந்த மதிப்பெண் 'இங்கே ஒரு கட்டடம் இருக்கிறது' என்பதற்கான நம்பிக்கை. வரைபடத்தில் ஏற்கெனவே உள்ள கட்டடம்தான் இது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. மாநகரின் உயர்ந்த டவர்கள் அதிக மதிப்பெண் பெறலாம், இடம்தான் சரிந்திருக்கும்.

புள்ளிகளுக்கு வருவோம். நகர் சாலை கராடியின் வடக்கே ஓடுகிறது, புனேயிலிருந்து வாகோலி வழியாக அகமதுநகர், அதாவது இன்றைய அகல்யாநகர் வரை. அதில் ஒரு பெயருள்ள நிறுத்தம் என்றால் இரண்டு நிறுத்தங்கள். ஊருக்குள் போகும் பேருந்துக்கு ஒரு பக்கம், வெளியே போகும் பேருந்துக்கு எதிர்ப்பக்கம். பெயர் ஒன்றே, இடையே இருப்பது சாலையின் அகலம் மட்டும். 'ஐம்பது மீட்டருக்குள் அதே பெயரில் இருந்தால் அதே நிறுத்தம்' என்று விதி வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். பேருந்து இடது பக்கம்தான் நிற்கும் என்பதால், அடுத்த நிறுத்தம் எது என்று பார்த்துப் பயணத் திசையைக் கண்டுபிடித்து, கோட்டின் இடப்புறம் உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். நல்ல விதி. ஆனால் இதே சாலையில் 2016இல் பி.ஆர்.டி. எனும் தனிப் பேருந்துத் தடம் திறந்தார்கள். அதன் நிலையங்கள் சாலையின் நடுவில் இருந்தன. பின்னர் தடத்தின் பகுதிகளை அகற்றினார்கள். எந்த ஆண்டின் பட்டியல் கையில் இருக்கிறதோ, அதைப் பொறுத்து நிறுத்தம் நடுவிலும் இருக்கும், ஓரத்திலும் இருக்கும். வரைபடத்தில் உள்ளதை ஒருவர் போன மாதம் நடந்து போய் மாற்றியிருந்தால், அரசுப் பட்டியல்தான் பழசு.

பொருத்திப் பார்க்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆளுக்கு ஆள் அருகில் உள்ளதை எடுத்துக்கொள் என்று விட்டால் கணக்கு தப்பும். ஒரு நேர்ச்சாலையில் பட்டியலில் இரண்டு நிறுத்தங்கள், அ, ஆ. வரைபடத்தில் இரண்டு, க, ங. அ-வுக்கும் க-வுக்கும் 10 மீட்டர், அ-வுக்கும் ங-வுக்கும் 14, ஆ-வுக்கும் க-வுக்கும் 15, ஆ-வுக்கும் ங-வுக்கும் 39. மிக அருகில் இருப்பவை அ, க. அவற்றை முதலில் ஜோடி சேர்த்தால் ஆ-வுக்கு 39 மீட்டர் தள்ளி உள்ள ங-தான் மிஞ்சும், மொத்தம் 49. மாற்றிச் சேர்த்தால் 14, 15, மொத்தம் 29. இரண்டாவதுதான் உண்மை. பட்டியல் முழுவதுமே சாலையோடு சுமார் பதினைந்து மீட்டர் நகர்ந்திருக்கிறது, வரிசை மாறவில்லை. எல்லாரையும் ஒருசேரப் பார்த்து மொத்தத் தூரம் மிகக் குறைவாக வரும்படி ஜோடி சேர்க்கும் வழியை 1955இல் ஹெரால்ட் கூன் எழுதினார். ஹங்கேரியக் கணிதவியலாளர்களின் முந்தைய முடிவுகள் மேல் நின்றதால் அதற்கு ஹங்கேரிய முறை என்று பெயர் வைத்தார். ஆட்களுக்கு வேலை ஒதுக்கும் சிக்கலுக்காகப் பிறந்த கணக்கு, பேருந்து நிறுத்தத்துக்கும் அப்படியே உதவுகிறது.

இந்த விதிகளையெல்லாம் ஒன்றுசேர்த்து ஓட்டினால் தரவு மூன்றாகப் பிரியும். சந்தேகமில்லாமல் ஏற்கெனவே இருப்பவை ஒரு குவியல். சுற்றுவட்டாரத்தில் எதுவுமே இல்லாததால் சந்தேகமில்லாமல் புதியவை இன்னொன்று. மூன்றாவது, மனிதர் பார்த்தே தீர வேண்டியவை. இறக்குமதியை எளிதாக்குவது என்றால் என் கணக்கில் அதன் பொருள் இந்த மூன்றாவது குவியலை எளிதாக்குவதுதான். முதல் இரண்டுக்கும் கருவிகள் வந்துவிட்டன. மூன்றாவதுக்கு வேண்டியவர் கணினி வல்லுநர் அல்லர், அந்தத் தெருவை அறிந்தவர். இதுவரை அவருக்கு வாசல் முழுதாகத் திறக்கவில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் இறக்குமதி விதிகள் நியாயமானவை: முன்கூட்டியே திட்டத்தை எழுதிவை, உள்ளூர்க்காரர்களோடு பேசு, உரிமத்தைச் சரிபார், தனிக் கணக்கிலிருந்து ஏற்று. ஆனால் இதை ஒருவர் செய்து முடிக்க நிரல் எழுதத் தெரிய வேண்டும், ஜோஸம் போன்ற கனமான கருவியைக் கையாளத் தெரிய வேண்டும், மாதக்கணக்கில் விவாதிக்கப் பொறுமை வேண்டும். இத்தனையும் ஒருவரிடம் கூடிவருவது அபூர்வம். அதனால் ஒன்று, இறக்குமதி நடப்பதே இல்லை. இல்லையேல் யாராவது சொல்லாமல் கொள்ளாமல் கொட்டிவிட்டுப் போகிறார்கள்.

வேலையைத் துண்டு போடுவதில் நல்ல முன்மாதிரிகள் உண்டு. 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது உலகெங்குமிருந்து நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரை வரைந்தார்கள். யார் எந்தத் தெருவைப் பார்க்கிறார் என்ற குழப்பம் அப்போதே தெரிந்தது. அதற்குப் பின் உருவானது டாஸ்கிங் மேனேஜர். நிலப்பரப்பைச் சதுரங்களாகப் பிரிக்கும், ஒருவர் ஒன்றை எடுத்தால் அது மற்றவர்களுக்குப் பூட்டிக்கொள்ளும், முடித்ததை வேறொருவர் சரிபார்ப்பார். லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் சுமார் 30 லட்சம் கட்டடங்களை இறக்கியபோது இந்த முறையைத்தான் கையாண்டார்கள். தரவு அரசுடையது, ஆனால் ஒவ்வொரு துண்டையும் ஒரு மனிதர் திறந்து பார்த்து, ஏற்கெனவே உள்ளதோடு சேர்த்து, பிறகே ஏற்றினார். மாலை நேரக் கூட்டங்களில் புதியவர்கள் வந்து கற்றுக்கொண்டார்கள். இறக்குமதியே அந்த ஊரில் ஒரு குழுவை வளர்த்தது என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது. நாகராஜின் ஆய்வு எழுப்பிய கவலைக்கு அது ஒரு நேரடிப் பதில்.

ஆனால் ஒரு சதுரமும் பெரிய துண்டுதான், இன்னும் சிறிதாக்கும் கருவிகளும் உண்டு. இல்யா ஸ்வெரெவ் உருவாக்கிய ஓ.எஸ்.எம். கான்ஃப்ளேட்டர் பெட்ரோல் பங்குகள் போன்ற புள்ளிப் பட்டியல்களை எடுத்து, பொருத்திப் பார்த்து, சந்தேகமானவற்றை ஒரு சாதாரண வலைப்பக்கத்தில் ஒவ்வொன்றாகக் காட்டும். பட்டியல் சொல்லும் இடம் இது, வரைபடம் சொல்லும் இடம் அது, எது சரி? மார்ட்டின் வான் எக்செல் தொடங்கிய மேப்ரூலெட் இதே வழியில் போகிறது. மாற்றத்தை முன்கூட்டியே தயாரித்து வைத்து, பங்களிப்பவரிடம் சரியா என்று மட்டும் கேட்கவும் அதில் முடியும். ஆண்டிராய்டு கைப்பேசியில் ஓடும் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் இன்னும் ஒரு படி இறங்கி வருகிறது. நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி உள்ளவற்றைப் பற்றிச் சின்னக் கேள்விகள் கேட்கும். இந்தக் கட்டடத்துக்கு எத்தனை மாடி? இந்த நிறுத்தத்தில் நிழற்குடை உண்டா? பதிலைத் தொட்டால் போதும், அது வரைபடத்துக்குப் போய்விடும். கராடியில் தினமும் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகும் இளைஞருக்கு எந்த டவருக்கு எந்தக் கேட் என்பது மனப்பாடம். அவருக்குத் தேவை ஒரு கேள்வி, இரண்டு பொத்தான்.

பலர் ஒரே நேரத்தில் கைவைத்தால் ஒருவர் எழுதியதை மற்றொருவர் அழித்துவிட மாட்டாரா? இதற்கான ஏற்பாடு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் அடிமட்டத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. நீங்கள் நான்காம் பதிப்பைத் திறந்து திருத்துகிறீர்கள், அதற்குள் வேறொருவர் ஐந்தாம் பதிப்பை உருவாக்கிவிட்டார் என்றால், உங்கள் திருத்தத்தைச் சேவையகம் ஏற்காமல் திருப்பி அனுப்பும். புதியதைப் பார்த்து மறுபடி அனுப்ப வேண்டும். பழைய பதிப்புகள் எல்லாம் இருக்கும், தவறான இறக்குமதியைப் பின்வாங்கவும் முடியும். ஆனால் பின்வாங்குவதற்குள் நூறு பேர் அதன்மேல் திருத்தம் செய்திருந்தால் அது நூல் சிக்கல் ஆகிவிடும்.

உரிமம் பற்றி இரண்டு வரி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012 செப்டம்பர் முதல் ஓ.டி.பி.எல். என்ற திறந்த தரவு உரிமத்தில் இருக்கிறது. கூகுளின் கட்டடத் தரவு அதே உரிமத்திலும் கிடைப்பதால் சிக்கல் இல்லை, கூகுள் மேப்ஸ் வரைபடத்தைப் பார்த்து நகலெடுப்பது கூடவே கூடாது. அரசுத் தரவு என்றால் அதை வெளியிட்ட அலுவலகத்திடம் எழுத்தில் ஒரு வரி வாங்கிவைப்பது பின்னால் வரும் பெரிய தலைவலியைத் தவிர்க்கும்.

ஒருமுறை ஏற்றுவது பற்றியே இதுவரை பேசினோம். ஆறு மாதம் கழித்து பி.எம்.பி.எம்.எல். புதிய பட்டியல் வெளியிட்டால்? பழைய கேள்வியையே மறுபடி முதலிலிருந்து கேட்பது வீண் உழைப்பு. இங்கே கராடியின் அலுவலகங்களில் நிரல் எழுதுவோர் தினமும் கையாளும் ஓர் உத்தி உதவும். இரண்டை ஒப்பிடாமல் மூன்றை ஒப்பிட வேண்டும்: அரசின் பழைய பட்டியல், அரசின் புதிய பட்டியல், இன்றைய வரைபடம். அரசின் இரு பட்டியல்களிலும் நிறுத்தத்தின் பெயர் ஒன்றாக இருந்து, வரைபடத்தில் மட்டும் வேறாக இருந்தால், யாரோ ஊர்க்காரர் மாற்றியிருக்கிறார், அவர் எழுதியதைத் தொடக் கூடாது. பழைய பட்டியலும் வரைபடமும் ஒன்று, புதிய பட்டியல் மட்டும் வேறு என்றால், அரசு மாற்றியிருக்கிறது, தயங்காமல் ஏற்றலாம். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் அது மட்டும் மனிதரின் கேள்விக் குவியலுக்குப் போகட்டும். பெயருக்கு, இடத்துக்கு, நிழற்குடை உண்டா என்பதற்கு என ஒவ்வொரு விவரத்துக்கும் தனித்தனியாக இப்படிப் பார்க்கலாம். முதல் இறக்குமதி ஆயிரம் கேள்வி கேட்டது என்றால், அடுத்தது மாறியவற்றைப் பற்றி மட்டும் கேட்கும்.

இதற்கு ஒரே ஒரு முன்தேவை உண்டு. பழைய பட்டியலில் உள்ள நிறுத்தமும் புதிய பட்டியலில் உள்ள நிறுத்தமும் ஒன்றே என்று தெரிய, நிறுத்தத்துக்கு மாறாத ஓர் எண் வேண்டும். பெரும் நிறுவனங்களும் இதை உணர்ந்திருக்கின்றன. அமேசான், மெட்டா, மைக்ரோசாஃப்ட், புனேயில் அலுவலகம் வைத்திருக்கும் டாம்டாம் ஆகியவை 2022 டிசம்பரில் தொடங்கிய ஓவர்ச்சர் மேப்ஸ் அமைப்பு, உலகில் உள்ள ஒவ்வொரு கட்டடத்துக்கும் கடைக்கும் நிலையான அடையாள எண் கொடுக்கும் ஏற்பாட்டைத் தன் அடிப்படையாக வைத்திருக்கிறது. மாநகராட்சிக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. நிறுத்தம், பள்ளி, மருத்துவமனை என்று எந்தப் பட்டியலை வெளியிட்டாலும் ஒவ்வொரு வரியிலும் மாறாத எண் ஒன்று, அந்த வரியைக் கடைசியாக நேரில் சரிபார்த்த தேதி, எந்த நீள்வட்டத்தில் அளந்தது என்ற குறிப்பு, இவை இருந்தால் போதும். மூடிய நிறுத்தத்தைப் பட்டியலிலிருந்து ஓசையில்லாமல் நீக்காமல், மூடியது என்று எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடினார்களா, தட்டச்சில் விட்டுப்போனதா என்று வெளியில் இருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

இவற்றைச் செய்ய ஓர் எழுத்தரும் ஓர் எக்செல் கோப்பும் போதும். வாகோலி உட்பட 23 கிராமங்களை 2021இல் புனே மாநகராட்சி சேர்த்துக்கொண்டது. கராடிக்குக் கிழக்கே அடுத்த பத்தாண்டுக்கான தெருக்களும் நிறுத்தங்களும் அங்கேதான் வரப்போகின்றன. அவற்றின் முதல் பட்டியல்களைத் தயாரிக்கும்போதே இந்த மூன்று விவரங்களையும் கேட்டு வாங்க வேண்டும்.